பால் நோட்டை மூடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில் கறவை மாடுகளின் இனமேம்பாடு பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாகத்தான் படித்தேன். மாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவது சாதாரணமா? இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த வரி உறுத்தியது. கன்று பிறந்த வாரத்திலேயே வால் மயிரைப் பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பினால் அதன் பால் வளத்தைச் சொல்லிவிடுகிறார்களாம். ஆகவே மாதாமாதம் பாலை நிறுத்து நோட்டில் எழுதுகிற காலம் மலையேறிவிட்டதாம். போதாக்குறைக்குப் பக்கத்திலேயே கோப்பை வாங்கிய மாடு ஒன்றின் படம். 'ஒரே நாளில் 31 லிட்டர்' என்று அடியில் போட்டிருந்தீர்கள்.

அந்த நோட்டை 23 வருடம் எழுதியவள் நான். பால் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. இப்போது சொந்தமாக நாலு மாடு வைத்திருக்கிறேன். அவற்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், கணக்கை வெட்டாதீர்கள்.

பால் பதிவாளர் என்றால் யார் என்றே உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தொழுவமாகப் போய், சாயங்காலக் கறவைக்கும் மறுநாள் விடியற்காலைக் கறவைக்கும் பக்கத்தில் நின்று, மாட்டுக்கு மாடு பாலை நிறுத்து, சீசாவில் மாதிரி எடுத்து, காது வில்லை எண்ணோடு எழுதிக்கொண்டு வருகிற ஆள். கையில் ஒரு தூக்குத் தராசு, ஒரு வாளி, ஒரு பெட்டி நிறையச் சின்னச் சீசாக்கள், நோட்டு, இரண்டு பேனா. இரண்டாவது பேனா ஏன் என்றால், ஒன்றை எப்படியும் ஏதாவது ஒரு மாடு மிதித்துவிடும்.

வேலை என்னவோ சுலபம்தான், பார்ப்பதற்கு. லிட்டர் குவளையால் அளந்தால் நுரையும் பாலாகிவிடும், ஆகவே தராசு. தராசில் தொங்கவிட்டால் வாளியின் எடையைக் கழிக்க வேண்டும், அதற்கு வாளியை ஒவ்வொரு தொழுவத்திலும் முதலில் காலியாக நிறுக்க வேண்டும். மாதிரி எடுப்பது அதைவிட நுணுக்கம். மடியிலிருந்து முதலில் வரும் பாலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும்; கடைசியாகப் பீய்ச்சும் பாலில் அதைப் போல நாலைந்து மடங்கு. கறந்து வைத்த பால் கொஞ்ச நேரம் நின்றாலும் கொழுப்பு மேலே ஏறிவிடும். அதனால் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு இரண்டு தரம் ஊற்றிக் கலக்கி, உடனே அள்ளி எடுக்க வேண்டும். அவசரத்தில் மேலாக மொண்டு எடுத்த மாதிரியால், சாதாரண மாட்டுக்கு நோட்டில் நெய் வழியும்.

அதோடு மனிதர்களும் இருக்கிறார்கள். பதிவாளர் சாயங்காலம் வருகிறாள் என்று தெரிந்தால் அன்று காலைக் கறவையில் மடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வாளி தளும்பும். ஒரு பெரியவரின் தொழுவத்தில் ஒரு கறுப்பு மாடு, சாயங்காலக் கறவை போன மாதம் 9 கிலோ, இந்த மாதம் திடீரென்று 14. தீவனம் மாறவில்லை, மாடு கறவையின் ஆறாவது மாதத்தில் இருக்கிறது, குறைய வேண்டிய நேரத்தில் எப்படி ஏறும்? நான் நோட்டில் எழுதாமல் பேனாவை மூடி வைத்தேன். "நாளைக் காலைப் பாலையும் பார்த்துவிட்டு எழுதிக்கிறேன்யா" என்றேன். மறுநாள் காலை 3.9 கிலோ. பெரியவர் தராசு முள்ளைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்காய்ம்மா இது, இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடறியே" என்றார். அந்த மாதம் அந்த மாட்டின் பதிவை ரத்து செய்தேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் தொழுவத்துக்கு முதல் நாள் காலைக் கறவைக்கே போய்ப் பக்கத்தில் நின்று மடியைக் காலி செய்ய வைப்பேன். நாலைந்து வருடம் கழித்து, தன் மாட்டின் பழைய கணக்கைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தவரும் அதே பெரியவர்தான்.

ஏமாற்றுகிறவர்களை மட்டும் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. ஒரு தொழுவத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு கிடேரிகளுக்குக் காது வில்லையின் கடைசி எண்கள் 468, 486. மழை, கொட்டகைக்குள் வெளிச்சம் போதவில்லை, நான் மாற்றி எழுதிவிட்டேன். அந்த மாதம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் பதிவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றின் கொழுப்பு 3.4-லிருந்து 5.1-க்குப் போய்த் திரும்ப 3.5-க்கு வந்திருந்தது, மற்றது நேர் எதிர். அதற்குமேல் தூக்கம் வரவில்லை. இரண்டும் வெவ்வேறு காளைக்குப் பிறந்தவை. மகள்களின் பாலை வைத்துக் காளையை எடை போடும் சோதனையில் அந்தக் காளைகள் அப்போதுதான் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் கணக்கில் வந்த மகள்களே கொஞ்சம். நான் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதியதில் ஒரு காளைக்கு இல்லாத பெருமை, இன்னொன்றுக்கு வராத பழி. திருத்தம் எழுதிக் கொடுத்துத் திட்டும் வாங்கினேன்.

எண் குழப்பம் என் ஒருத்தியோடு நிற்கவில்லை. சினை ஊசி போடுகிற ஒரு தம்பி, நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து காளை எண்ணை எழுதுவான். உறைவிந்துக் குச்சியின் மேலேயே காளையின் எண் அச்சடித்திருக்கும். குச்சியை எறியாமல் பையில் போட்டு வந்தாலே போதும், ஆனால் எறிந்துவிடுவான். பால் பதிவில் பேர்பெற்ற நாடுகளிலேயே பிற்பாடு மரபணுச் சோதனை வைத்துப் பார்த்தபோது, நூறில் பத்து மாடு வரை நோட்டில் எழுதிய அப்பனுக்குப் பிறக்காதவை என்று தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் வால் மயிர்ச் சோதனைக்கு நான் கைகூப்புகிறேன். அப்பன் யார் என்பதில் அது பொய் சொல்லாது.

இனி அந்த '31 லிட்டர்' விஷயம். ஒரு நாள் கறவையை வைத்து மாட்டை எடை போடுவது, ஒரே ஒரு பந்தை வைத்துக் கிரிக்கெட்காரனைத் தேர்ந்தெடுப்பது மாதிரி. கன்று போட்ட ஆறாவது, எட்டாவது வாரத்தில் எந்த மாடும் உச்சத்துக்குப் போகும். அதன் பிறகு எப்படி இறங்குகிறது என்பதில்தான் மாட்டின் குணம் இருக்கிறது. ஒரே தொழுவத்தில் ஒரே மாதத்தில் கன்று போட்ட இரண்டு மாடுகளின் கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. செவலையின் மாதாந்திரப் பதிவு, நாளுக்கு இத்தனை கிலோ என்று: 22, 24, 20, 16, 12, 9, 6. ஏழு மாதத்தில் வற்றிவிட்டது. மயிலையின் பதிவு: 15, 17, 17, 16, 15, 14, 13, 12, 11, 9. செவலை மொத்தமாகக் கறந்தது ஏறத்தாழ 3,270 கிலோ. மயிலை ஏறத்தாழ 4,170. இரண்டாம் மாதம் போட்டி வைத்திருந்தால் கோப்பை செவலைக்குத்தான் போயிருக்கும். பார்க்கிறவர்களும் செவலையைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்காரரே மயிலையை விற்றுவிடலாமா என்று ஒரு தரம் என்னிடம் கேட்டார். பத்து மாதக் கணக்கைக் கூட்டிக் காட்டிய பிறகு பேசாமல் மயிலைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கன்று போட்டதிலிருந்து 305 நாள் என்று உலகம் முழுக்க ஒரு அளவு வைத்திருப்பது இதற்காகத்தான். தினமும் போய் நிறுக்க முடியாது. மாதம் ஒரு நாள் நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு பதிவின் சராசரியை இடைப்பட்ட நாட்களால் பெருக்குவார்கள். இந்த மாதம் 14.2, அடுத்த மாதம் 12.8, இடையில் 30 நாள் என்றால் 13.5-ஐ 30-ஆல் பெருக்கி 405 கிலோ. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் ஈற்றின், அதாவது ஒரு கன்று போட்ட பிறகான முழுக் கறவையின், மொத்தக் கணக்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு மாதம் விட்டுப்போனால்தான் தலைவலி.

இந்த முறையை யாரோ விஞ்ஞானி மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 1895-ல் டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் விவசாயிகளே ஒன்றுசேர்ந்து, தங்களுக்குள் செலவைப் பகிர்ந்து, தொழுவம் தொழுவமாகப் போய்ப் பாலை நிறுத்துக் கொழுப்புப் பார்க்க ஓர் ஆளை வைத்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால்தான், 1890-ல், அமெரிக்காவில் ஸ்டீஃபன் பாப்காக் என்பவர் கந்தக அமிலத்தை வைத்துச் சில நிமிடத்தில் பாலின் கொழுப்பைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லியிருந்தார். டென்மார்க் வழியைப் பார்த்து 1905-ல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் சங்கம் வந்தது. 1951-லிருந்து நாடுகளுக்கெல்லாம் பொதுவாகப் பதிவு விதிகளை வகுக்க ஒரு பன்னாட்டுக் குழுவே இயங்குகிறது. நான் தராசு பிடித்த விதமும் மாதிரி எடுத்த விதமும் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, 305 நாள் கணக்கு கையில் வந்துவிட்டது, அதிகம் கறந்த மாட்டின் கன்றை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். தொழுவத்திலேயே அதிகம் கறந்த மாட்டின் காளைக் கன்றை விற்காமல் வளர்த்துப் பொலிகாளையாக விட்டார். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். மூன்று, நாலு வருடம் கழித்து அந்தக் காளையின் மகள்கள் கறவைக்கு வந்தபோது அப்பா தெருவில் தலைகுனிந்து நடந்தார். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. காளை மேலும் தப்பில்லை, தாய் மேலும் தப்பில்லை. அப்பா நம்பியது ஒரு மாட்டின் ஓர் ஈற்றை. கணக்கு அவருக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

என்னிடம் வந்து கேட்கிற தம்பிகளுக்கு இப்படிச் சொல்வேன். மந்தையில் மற்ற மாடுகளின் சராசரி 3,000 கிலோ, உன் மாடு 4,000. கூடுதல் ஆயிரம். அந்த ஆயிரத்தில் பிறப்போடு வந்து அடுத்த தலைமுறைக்கும் போகக்கூடியது ஏறத்தாழக் கால் பங்கு, 250 கிலோ. மீதியெல்லாம் அந்த வருடம் அந்த மாட்டுக்கு வாய்த்தது: நல்ல தீவனம், நோயில்லாத மடி, கன்று போட்ட பருவம், கொஞ்சம் அதிர்ஷ்டம். அந்த 250-லும் தாய் கன்றுக்குக் கொடுப்பது பாதி. மறு பாதி அப்பன் பக்கத்திலிருந்து வரவேண்டும். ஆக ஆயிரம் கிலோ பெருமையில் கன்றுக்கு எதிர்பார்க்கக்கூடியது 125 கிலோ. சொன்னதும் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். ஆனால் அந்த 125 நிலையானது. தீவனம் நின்றால் போய்விடுகிற பால் இல்லை, தலைமுறைக்குத் தலைமுறை மேலே மேலே சேருகிற பால்.

அதிலும் 'மற்ற மாடுகளின் சராசரி' என்கிற இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே தொழுவம், ஒரே பருவம், ஏறத்தாழ ஒரே வயது. பசுந்தீவனம் கொட்டிக்கிடக்கும் பண்ணையின் சுமாரான மாடு, வறண்ட பண்ணையின் முதல்தரமான மாட்டைவிட அதிகம் கறக்கும். ஒப்பிடக் கூடாததை ஒப்பிட்டால் நாம் தேர்ந்தெடுப்பது மாட்டையா, வைக்கோல் போரையா? இதனால்தான் நான் எல்லா மாட்டையும் நிறுப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பேன். "அந்தக் கிழட்டு மாட்டை விடுங்கக்கா, அது மூணு கிலோதான் கறக்குது" என்பார்கள். மூன்று கிலோவை எழுதாவிட்டால் பதினைந்து கிலோவுக்கு அர்த்தமே கிடையாது. நல்ல மாட்டை மட்டும் எழுதிய நோட்டு வெறும் தம்பட்டம்.

காளைக்கு வருவோம். ஒரு சொட்டுப் பால் கறக்காத பிராணிதான் மந்தையின் பாலைத் தீர்மானிக்கிறது. பசு ஆயுளில் நாலைந்து கன்று போடும். உறைவிந்து வந்த பிறகு ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில், ஏன், லட்சக்கணக்கில்கூட மகள்கள். அப்படியானால் காளையை எப்படி எடை போடுவது? அம்மாவின் ஒரே ஓர் ஈற்றை மட்டும் வைத்து மகனைக் கணித்தால், நம்பகத்துக்கு 100-க்கு 6 மார்க்தான் போடலாம். அப்பா செய்தது அதுதான். வெவ்வேறு தொழுவங்களில் 15 மகள்கள் கறந்த கணக்கு வந்தால் 50 மார்க். 50 மகள்கள் என்றால் 77. 100 மகள்கள் என்றால் 87. சந்ததிச் சோதனை என்பது இந்தக் காத்திருப்புதான்: காளைக்கு ஒரு வயது தாண்டியதும் விந்தெடுத்துப் பல தொழுவங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பி, பசு சினையாகி, மகள் பிறந்து, வளர்ந்து, அவள் கன்று போட்டு, ஓர் ஈற்றுக் கறந்து முடிப்பதற்குள் காளைக்கு ஐந்தாறு வயதாகிவிடும். அதுவரை அதன் உறைவிந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் தூங்கும். 1949-ல் இங்கிலாந்தில் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று கண்டுபிடித்திராவிட்டால் இந்தக் காத்திருப்புக்கே வழியில்லை. அடுத்த வருடமே ராபர்ட்சன், ரெண்டல் என்ற இருவர், சினை ஊசியையும் மகள்களின் பதிவையும் சேர்த்தால் இனம் எவ்வளவு வேகமாக முன்னேறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிற்பாடு கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹெண்டர்சன், தொழுவ வித்தியாசத்தையும் பிறப்பு வித்தியாசத்தையும் ஒரே சமயத்தில் பிரித்தெடுக்கும் சமன்பாடுகளைக் கொடுத்தார். அத்தனைக்கும் கச்சாப்பொருள் எங்களைப் போன்றவர்களின் சாணி அப்பிய நோட்டு.

இப்போது உங்கள் கட்டுரையின் வால் மயிர். மாட்டின் மரபணுவில் ஏறத்தாழ 54,000 இடங்களை ஒரே சிப்பில் படித்துவிடுகிறார்கள், உண்மை. 2001-ல் மியூவிசன், ஹேஸ், கோடார்ட் என்ற மூவர் இதற்கான கணக்கை எழுதினார்கள். 2009-ல் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்தின் காளைகளுக்கு அதிகாரப்பூர்வமாகவே வந்துவிட்டது. கன்றாக இருக்கும்போதே, பால் விஷயத்தில், 100-க்கு 70 மார்க் அளவுக்கு நம்பிச் சொல்கிறார்கள். ஒரு காளையிலிருந்து அடுத்த காளைக்கு ஏறத்தாழ 7 வருடமாக இருந்த இடைவெளி 3 வருடத்துக்கும் கீழே வந்துவிட்டது. நான் இதை மறுக்கவே இல்லை. என் வேலைக்காலத்தில் வந்திருந்தால் ஆனந்தக் கூத்தாடியிருப்பேன்.

ஆனால் அந்த 54,000 இடங்களில் எது எத்தனை கிலோ பாலுக்குச் சமம் என்று சிப்பில் எழுதியா இருக்கிறது? 'இந்த இடத்தில் இந்த எழுத்து' என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த எழுத்துக்கு விலை போட்டது யார்? அமெரிக்காவில் முதன்முதலாகக் கணக்குப் போட்டபோது, மகள்களின் பதிவால் ஏற்கெனவே எடை போடப்பட்ட 3,500-க்கும் மேற்பட்ட பழைய காளைகளின் மரபணுவை வைத்து, எந்த எழுத்து இருந்தால் மகள்கள் கூடக் கறந்தார்கள் என்று பார்த்துத்தான் விலை போட்டார்கள். ஒவ்வொரு காளைக்குப் பின்னாலும் பல பத்து மகள்கள், ஒவ்வொரு மகளுக்குப் பின்னாலும் மாதாமாதம் யாரோ ஒருத்தி பிடித்த தராசு. அகராதியை எழுதியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இனி அகராதி தானாகவே வளரும் என்கிறது உங்கள் கட்டுரை. தலைமுறை மாற மாற மரபணுத் துண்டுகள் வெட்டிச் சேர்ந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். பழைய விலைப்பட்டியல் வருடத்துக்கு வருடம் மங்கும், புதுப் பதிவு சேராவிட்டால். ஓர் இனத்துக்குப் போட்ட பட்டியல் இன்னோர் இனத்துக்குச் சரிவராது. குளிர் நாட்டு மாட்டின் பட்டியலை வெயிலில் நிற்கிற மாட்டின் மேல் அப்படியே வைக்க முடியாது. பதிவே இல்லாத இனத்தின் வால் மயிரை அனுப்பினால் திரும்பி வருவது வெறும் எழுத்துகள்தான்.

இன்னொன்று. எதை எழுதுகிறோமோ அதுதான் வளரும். எழுதாதது பின்வாசல் வழியாகப் போய்விடும். பல பத்தாண்டுகள் பாலை மட்டுமே பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்தார்கள். பால் ஏறியது, மாடு சினை பிடிப்பது குறைந்தது. சினை பிடிக்கும் குணத்தில் பிறப்பு வழியாக வருவது நூறில் நாலைந்து பங்குகூடத் தேறாது. அதனால், பால் விஷயத்தில் 15 மகள்களைக் கொண்டு கிடைக்கிற அதே 50 மார்க் நம்பகத்துக்கு இதில் ஏறத்தாழ 100 மகள்கள் வேண்டும். அப்படியென்றால் சினை ஊசித் தேதி, மறுபடி பருவம் வந்த தேதி, கன்று போட்ட தேதி எல்லாவற்றையும் இன்னும் அதிகமாக, இன்னும் ஒழுங்காக எழுத வேண்டும். நார்வேக்காரர்களைப் பாருங்கள். 1975-லிருந்தே ஒவ்வொரு மாட்டுக்கும் நோய் அட்டை வைத்து, கால்நடை மருத்துவர் செய்த வைத்தியத்தையெல்லாம் அதில் எழுதவைத்தார்கள். 1978-ல் மடிநோயையும் காளைத் தேர்வில் சேர்த்தார்கள். பாலோடு சேர்ந்து மடியும் காப்பாற்றப்பட்டது. எழுதிவைத்ததால் வந்த லாபம்.

எழுதினாலும் கண்ணுக்குத் தப்புகிறவை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1962-ல் பிறந்த 'பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளை, பாலைக் கொட்டும் மகள்களைக் கொடுத்தது. அதன் ரத்தம் உலகம் முழுக்கப் பரவியது. கூடவே ஒரு பழுதான மரபணுவும் பரவியது. அப்பன் வழி, அம்மா வழி இரண்டிலும் அந்தப் பழுது வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். இதனால் உலகில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கரு கலைந்திருக்கும் என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள். 'சினை நிற்கவில்லை' என்று எத்தனை தொழுவங்களில் மாட்டைப் பழித்திருப்பார்கள்! பழுதைக் கண்டுபிடித்ததும் மரபணுச் சோதனைதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல காளை என்று ஒன்றையே எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதால் நாளைக்கு அதன் பேத்தியும் பேரனும்தான் ஜோடி. சோதனை வேகமாக, தலைமுறை குறுக, இந்த நெருக்கமும் வேகமாகத்தான் கூடுகிறது.

விவசாயிகள் ஏன் பதிவைக் கைவிடுகிறார்கள் என்றால், எழுதுகிற பலன் உடனே கைக்கு வருவதில்லை. காளையின் கணக்கு ஐந்து வருடம் கழித்து வரும், அதுவும் ஊருக்கெல்லாம் பொதுவாக. அதனால் நான் போகும்போதெல்லாம் அன்றைக்கே பயன்படும் ஒரு விஷயத்தையாவது சொல்லிவிட்டு வருவேன். இந்த மாட்டுக்குக் கறவைக்குத் தகுந்த தீவனம் போகவில்லை, அந்த மாட்டை இன்னும் இரண்டு வாரத்தில் வற்றவிட வேண்டும், இந்தக் கிடேரியின் சீசாவில் செல் எண்ணிக்கை மில்லிக்கு 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது, மடி பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே நோய் இருக்கிறது என்று. ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு, "பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறன்னு சொல்வாங்க, எதுக்குப் பாடணும்னு நீதான் சொல்றே" என்றார். அந்த வீட்டில் பதிவு ஒரு மாதம்கூட விட்டுப்போனதில்லை. எழுதுகிறவருக்கு அவருடைய கணக்கைப் புரிகிற பாஷையில் திருப்பிக் கொடுக்காமல், நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற ஏற்பாடு எங்கும் நிற்காது. இதைச் சொல்லிச் சொல்லி என் மேலதிகாரிகளுக்கு நான் வேண்டாதவளானேன், அது வேறு கதை.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். பதிவின் காலம் முடிந்துவிட்டது என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அந்த வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, பதிவாளர் வேலைக்கு இனி ஆளே தேவையில்லை என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். அடுத்து, இனிமேல் கோப்பை வாங்கிய மாட்டின் படம் போடும்போது எத்தனையாவது ஈற்று, 305 நாளில் எவ்வளவு, அதே தொழுவத்தின் சராசரி எவ்வளவு, முந்தின கன்றுக்கும் இந்தக் கன்றுக்கும் எத்தனை மாத இடைவெளி என்ற நாலு எண்ணையும் அடியில் போடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காது வில்லையில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரியவில்லை, நிழல் விழுந்திருக்கிறது. உங்கள் படக்காரரிடம் மூலப்படம் இருந்தால் எண்ணைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அந்த மாட்டுக்கு மகள் ஏதாவது கறவைக்கு வந்திருந்தால், அவள் கணக்கும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இரண்டையும் என் நோட்டில் குறித்துவைக்க ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால் பதிவாளர் ஒருத்தி